மாலை போட்டிருந்தவன் ஷூ வாங்கப் போனது

பெரம்பலூரில் ஒரு செருப்புக் கடைக்குள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இடுப்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, காலில் ஒன்றும் கிடையாது. வெளியே கார்த்திகை மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நடந்து வந்த வழியெல்லாம் கடையின் வெள்ளைத் தரையில் என் பாதம் சேற்றோடு அச்சு அச்சாகக் கிடந்தது. சுற்றிலும் ஷூக்கள். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது.

"புடிச்சுப் பாருங்க சாமி. அப்படியே மெத்தை மாதிரி இருக்கும்" என்று கடைக்காரர் ஒரு ஷூவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் ஓரடி பின்னால் போனேன். மாலை போட்டிருக்கும்போது செருப்பு அணிவதில்லை. நான் அதைத் தொடுவதும் இல்லை. என்னோடு வந்த என் மகள் புவனாதான் கையை நீட்டி வாங்கினாள்.

"சாமிக்கு இல்லீங்க, எனக்குத்தான்" என்றாள்.

"எதுக்கு பாப்பா? ஓட்டப் பந்தயமா?"

"வெயிட் தூக்க."

கடைக்காரர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மூட்டையா சாமி?" என்று கேட்டார். நக்கலில்லை, உண்மையாகவே கேட்டார். "மூட்டை இல்லீங்க, இரும்பு. போட்டியில தூக்குறது" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஷூவைத் திரும்ப வாங்கி இரண்டாக மடித்துக் காட்டினார். "பாருங்க, எப்படி வளையுது. காலே நோவாது."

காலே நோவாது என்றதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? "அதையே குடுங்க" என்றேன். குழப்பம் அங்கே தொடங்கியது.

அனுமார் கொட்டகை

போன வாரம் இங்கே நான் எழுதிய, வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்த விஷயத்தைப் படித்துவிட்டு, உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவளைப் பற்றி எழுதாமல் ஒதுக்கியே வந்திருக்கிறேன். எழுதினால் இந்த ஷூ கதையைச் சொல்ல வேண்டி வரும் என்றுதான்.

எங்கள் ஊரில் பையன்கள் சேர்ந்து ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் இரும்புச் சாமான்களை வைத்து உடம்பு வளர்த்து வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அனுமார் படம். காலையில் ஊதுபத்தி, சனிக்கிழமை கற்பூரம். யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புவனா ஒன்பதாவது படிக்கும்போது அங்கே போக ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அனுமார் படம் இருந்ததைப் பார்த்ததும் பாதி சமாதானமாகிவிட்டேன்.

அவள் வெறுங்காலோடு தூக்கினாள். எனக்கு அது சரியாகவே பட்டது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மண்டியில் மூட்டை ஏற்றியவன். லாரிக்கும் தரைக்கும் நடுவே போட்ட பலகையில் மக்காச்சோள மூட்டையோடு ஏறும்போது கால் விரல்கள் பலகையைக் கவ்வ வேண்டும். செருப்பு போட்டவன் சறுக்குவான். திருமழபாடியில் திருவிழாவுக்குச் சாமி தூக்கத் தோள் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் வெறுங்கால்தான். பாரம் என்றால் வெறுங்கால் என்பது என் உடம்பில் ஊறிப்போன விஷயம்.

ஆனால் போட்டி வேறு மாதிரி. முதல் வருடம் அவளை அரியலூருக்கு ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனார்கள். பெயர் கூப்பிட்டதும் மேடை ஏறியிருக்கிறாள். "ஷூ எங்கம்மா?" என்று நடுவர் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் கீழே இறக்கிவிட்டார்கள். ஷூ இல்லாமல் தூக்கக் கூடாது என்பது விதியாம். கூடப் போன பையன்களுக்கும் அது தெரியவில்லை. இரும்பில் கை படாமலேயே திரும்பி வந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அடுத்த தடவை ஒரே ஒரு தூக்காவது கணக்குல வரணும். அதுவும் வரலேன்னா இதை விட்டுடுறேன்."

என் மனைவி செல்வி, "சரி விட்டுடு" என்றாள். புவனா விட்டுவிட வேண்டும் என்று ஒரு பக்கம் என் மனசு சொன்னது. விட்டுவிடக் கூடாது என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டையும் சாமியிடமே வேண்டிக்கொண்டேன். அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

மேரி மிஸ் சொன்னது

மறு வருடம் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராக மேரி மிஸ் வந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். கழுத்தில் சிலுவை. அனுமார் கொட்டகைக்குள் வரும்போது எங்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார். அவர்தான் பையன்களிடம் பேசி ஒரு வழி செய்தார். தெருவில் ஒரு நாளும் போடாத ஷூவாக இருந்தால், கொட்டகைக்குள்ளேயே வைத்துப் போட்டுக்கொள்ளலாம். அனுமார் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று பையன்களும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் வாங்கிக் கொடுத்த மெத்தை ஷூவை மிஸ் கையில் எடுத்தார். கட்டை விரலால் குதிகால் பக்கம் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"இது வேணாம் சார்."

"ஏங்க மிஸ்? காலே நோவாதுன்னாரு."

"நோவாது சார், ஆனா நிக்காது. நெல்லு மூட்டை மேல ஏறி நின்னுக்கிட்டு இன்னொரு மூட்டையத் தூக்க முடியுமா? அந்த மாதிரி. இவ கீழ அழுத்துற பலமெல்லாம் பஞ்சு தின்னுடும். அடி கெட்டியா இருக்கணும். அமுங்கவே கூடாது."

"அப்ப வெறுங்காலுதானே மிஸ் நல்லது?"

"அதுக்கு விதி விடாது சார். அதுவுமில்லாம இதுல குந்தித் தூக்கணும். குதிகால் கொஞ்சம் ஒசந்திருந்தாத்தான் முதுகு வளையாம குந்தலாம். மேல இறுக்கிக் கட்டப் பட்டை இருக்கும். இதுக்குன்னே ஷூ இருக்குது."

கெட்டியாக இருக்க வேண்டும், ஆனால் வெறுங்கால் கூடாது. அடி அமுங்கக் கூடாது, ஆனால் குதிகால் உயர்ந்திருக்க வேண்டும். நான் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிட்டது. கெட்டி என்பது மட்டும் மனதில் நின்றது.

அந்த மாதிரி ஷூ பெரம்பலூரில் கிடைக்கவில்லை. அரியலூரிலும் கேட்டேன். கடைக்குக் கடை வாசலிலேயே நின்று கேட்டதில், மாலை போட்டவன் காணிக்கைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து ஒருவர் காசு கொடுக்க வந்தார். கடைசியில் புவனா போனில் பார்த்து ஆர்டர் போட்டாள். இதோ வருகிறது, அதோ வருகிறது என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. பார்சல் மழையில் எங்கோ நின்றுவிட்டது. போட்டி நாளோ நெருங்கிவிட்டது.

மச்சானின் யோசனை

செல்வியின் தம்பி முருகேசன் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் என் கவலையைச் சொன்னேன்.

"என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க? மலைக்குப் போற சாமி இப்படியா மொகத்தைத் தொங்கப் போடுறது?"

"கெட்டியா ஒரு ஷூ வேணும்டா மச்சான். அடி அமுங்கவே கூடாதாம்."

அவன் சிரித்தான். "இதுக்கா இவ்வளவு? எங்க ஆலையில போடுறது இருக்குதே! அடியில ஆணி குத்தினாலும் ஏறாது. மூக்குல உள்ளார இரும்புத் தொப்பி வச்சிருப்பான். இரும்பு வுழுந்தாலும் வெரலுக்கு ஒண்ணும் ஆவாது."

இரும்பு விழுந்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது! அந்த ஒரு வார்த்தை போதும். இவ்வளவு நாளாக நான் வெளியே சொல்லாத பயமே அதுதான். அவள் தலைக்கு மேலே இரும்பைத் தூக்கும்போதெல்லாம் என் கண் இரும்பைப் பார்க்காது, அவள் கால் விரல்களைத்தான் பார்க்கும். ஐயப்பனே முருகேசன் வாயில் வந்து பேசியதாக நினைத்தேன்.

இரண்டு நாளில் அவன் ஒரு ஜோடி கொண்டு வந்தான், ஆலையில் இருந்ததிலேயே சின்ன அளவு. அப்படியும் புவனாவுக்கு இரண்டு சாக்ஸ் போட வேண்டியிருந்தது. அவள் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபோது பாத்திரமெல்லாம் அதிர்ந்தது.

"எப்படி இருக்கு பாப்பா?"

"கெட்டியாத்தான் இருக்கு சாமி." அவள் குந்திப் பார்த்தாள். எழுந்தாள். "ஆனா வெரல மடக்க முடியல."

"வெரல எதுக்கு மடக்கணும்? தூக்கப் போறது கையாலதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "சரி சாமி" என்றாள். மிஸ் போனில் கேட்டபோது, "கெடச்சிருச்சு மிஸ், நல்லா கெட்டியா இருக்குது" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை.

வெள்ளை மாவு

போட்டி அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினோம். ஈரத்தில் நடக்க வேண்டுமே என்று புவனா அந்தப் பழைய மெத்தை ஷூவைப் போட்டுக்கொண்டாள். முருகேசன் கொடுத்த ஷூவை ஒரு பையில் போட்டு அவளே மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஜன்னல் கம்பியில் வெள்ளைச் சேறு தெறித்தது.

அரங்கத்தின் நடுவில் மரப்பலகை மேடை. ஓரத்தில் ஒரு தட்டில் வெள்ளை மாவு. பிள்ளைகள் இரண்டு கையையும் அதில் புரட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு விபூதித் தட்டு ஞாபகம்தான் வந்தது.

புவனா ஆலை ஷூவை மாட்டிக்கொண்டு வந்ததும் சரிபார்க்கும் சார் நிமிர்ந்தார். "என்னம்மா, கல்குவாரிக்குப் போறியா?" அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். "இது ஆகாது. மாத்திட்டு வா" என்றார்.

மேரி மிஸ் ஓடிவந்தார். அந்த ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு புவனாவிடம், "பரவால்ல, அதைப் போட்டுக்க" என்று பஸ்ஸில் போட்டு வந்த மெத்தை ஷூவைக் காட்டினார்.

முதலில் ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்கும் பிரிவு. மூன்று தடவை வாய்ப்பு. மூன்றும் தவறிவிட்டால் அதோடு சரி, அடுத்த பிரிவில் என்ன தூக்கினாலும் கணக்கில் வராது என்று மிஸ் எனக்குச் சொன்னார்.

முதல் தடவை இரும்பு மேலே போயிற்று. புவனா கீழே குந்தினாள். ஷூ ஒரு பக்கம் அமுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கணுக்கால் சாய்ந்தது. இரும்பு முன்னால் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே.

எனக்கு அவள் சோற்றைப் பிசைந்தது ஞாபகம் வந்தது. மனசுக்குள் சரணம் சொன்னேன்.

இரண்டு கால்

பக்கத்தில் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் அபிநயாவும் இதே எடைப் பிரிவுதான். அந்தப் பெண் காலில் சிவப்பு ஷூ. குதிகாலில் மரக்கட்டை வைத்தது போலக் கெட்டியாக, மேலே குறுக்குப் பட்டையோடு. மிஸ் சொன்னதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அங்கே நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒங்க புள்ளைக்கு ஷூதான் வெனை சாமி" என்றார் அந்த அம்மா. "கால் அளவு ஒண்ணாத்தான் தெரியுது. என் மவளோடத போட்டுக்கட்டும்."

"ஒங்க பொண்ணோட போட்டி போடுறவளுக்கா?"

"அதுக்கென்ன? ஷூ இல்லாம தோத்துச்சுன்னா என் மவ என்னத்த ஜெயிச்சா?"

அபிநயா தன் மூன்றாவது தடவையைத் தூக்கிவிட்டு இறங்கி, ஷூவைக் கழற்றினாள். அடுத்து புவனா. பெயரைக் கூப்பிட்டு ஒரு நிமிடத்துக்குள் இரும்பைத் தரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிஸ் அந்தப் பக்கம், தூக்கப்போகும் எடையை எழுதிக் கொடுக்கும் மேசையில் மாட்டிக்கொண்டிருந்தார். புவனாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் இடுப்பில் பெல்ட் இறுக்கியிருந்தது, குனிய முடியவில்லை. கையெல்லாம் வெள்ளை மாவு.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து வலது காலுக்கு ஷூவை மாட்டத் தொடங்கினார். மற்ற ஷூ என் பாதத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. உள்ளே இன்னொரு பிள்ளையின் வியர்வை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எப்போது கட்டினேன் என்று தெரியவில்லை.

"சாமி! அந்தக் காலைப் பாருங்க, வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

மைக்கில் புவனாவின் பெயரைச் சொன்னார்கள்.

நான் உட்கார்ந்தேன். ஷூவை எடுத்தேன். புவனா காலை இழுத்துக்கொண்டாள். "சாமி, நீங்க தொடாதீங்க! வேணாம் சாமி!"

அவள் குதிகாலைப் பிடித்து உள்ளே தள்ளினேன். சூடாக இருந்தது. அவள் குழந்தையாக இருந்தபோது பிடித்ததுதான், அதற்குப் பிறகு அந்தக் காலை நான் தொட்டதில்லை. குனிந்ததில் என் துளசி மாலை அந்த ஷூவின் மேல் பட்டது. அதையும் பார்த்தேன். விலக்க நேரமில்லை. பட்டையை இழுத்தேன்.

புவனா அதற்கு மேல் தடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இறுக்கு அப்பா, இன்னும் இறுக்கு" என்றாள். மாலை போட்ட நாளிலிருந்து அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

எழுந்து ஓடினாள். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் குந்தினாள், இரும்பு மேலே போனது. கால் அசையவில்லை. பலகையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மெதுவாக எழுந்தாள்.

மூன்று நடுவர்களின் விளக்கும் எரிந்தது. ஒன்று சிவப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. "போச்சா?" என்றேன்.

"மத்த ரெண்டும் வெள்ளை சாமி! ரெண்டு போதும்!" என்று அந்த அம்மா என் தோளில் ஓங்கி அடித்தார்.

அதற்குப் பிறகு அடுத்த பிரிவு முழுவதும் அந்தச் சிவப்பு ஷூ இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறி ஓடியது. வலது கால் அந்த அம்மாவுக்கு, இடது கால் எனக்கு. முடிவில் அபிநயா முதலாவது, புவனா இரண்டாவது. அடுத்த கட்டப் போட்டிக்குப் போவது அபிநயாதான். "ஏண்டி, என் ஷூவைப் போட்டுக்கிட்டு என்னையே முந்தப் பாத்தியே" என்று அவள் புவனாவின் முதுகில் குத்தினாள்.

வாளித் தண்ணீர்

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. செல்வி கதவுக்கு வெளியிலேயே வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள்.

"மெடல் இருக்கட்டும். மொதல்ல தலைக்கு ஊத்துங்க சாமி. மாலையோட போயி செருப்பைத் தொட்டுட்டு வந்திருக்கீங்க."

மறுபேச்சுப் பேசாமல் ஊற்றிக்கொண்டேன். மாலையையும் நனைத்தேன். பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கண்ணை மூடினேன். எதற்கென்று சொல்லிக் கேட்பது? தொட்டது தப்பு என்றால், இன்னொரு தடவை அந்த நிமிடம் வந்தால் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அது என்னால் முடியாது. தப்பில்லை என்றால் ஏன் தலையில் தண்ணீர் சொட்டுகிறது? சரணம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

புவனா வாசற்படியில் நின்றாள். "அப்பா... சாமி. தப்பாயிடுச்சா?"

"தெரியல பாப்பா."

"நான் விடலப்பா. நாளைக்குக் கொட்டகைக்குப் போறேன்."

"போ" என்றேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் வரவில்லை.

ஆர்டர் போட்ட ஷூ அதற்கு அடுத்த வாரம்தான் வந்து சேர்ந்தது. நான் வயலிலிருந்து வந்தபோது அந்த அட்டைப்பெட்டி வாசற்படியின் மேலே இருந்தது. வெளியே செருப்புகளோடும் இல்லை, உள்ளேயும் இல்லை. சரியாகப் படியின் மேல். அதன் மூடியில் மஞ்சள் தடவி ஒரு குங்குமப் பொட்டு.

செல்வியைப் பார்த்தேன். அவள் முறத்தில் வெங்காயத்தைப் புடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"பெட்டிக்குத்தான் வச்சேன். ஷூவுக்கு வைக்கல."

நான் பெட்டியில் கால் படாமல் படியைத் தாண்டி உள்ளே போனேன்.